பொறம்போக்கு மாவு

பல்லா? இந்தப் பக்கம், கீழ, கடவாப்பல்லு. பாதி போச்சு. எப்படிப் போச்சுன்னா கேக்க? சொல்லுதேன். உனக்கு டோக்கன் எத்தனை? பதினேழா? எனக்குப் பத்தொம்பது. இப்பதான் பத்து உள்ள போயிருக்கு. டாக்டர் அவசரப்படுற ஆளு இல்ல. நேரம் கெடக்கு. என் மக வயசுதான் இருக்கும் உனக்கு, நீன்னே சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத.

ஒரு பிஸ்கட்டக் கடிச்சேன். அவ்வளவுதான்.

சிரிக்காத. பிஸ்கட்டுல தப்பே இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். அந்த மாசம் வந்த மைதா சரியில்ல.

எம்பேரு ஜெபகனி. இங்க பாளையங்கோட்டைல எங்க கோயில்ல போயி பிஸ்கட்டு யாரு சுடுவான்னு கேட்டேன்னு வையி, சின்னப்பிள்ளகூட என் வீட்டக் காட்டும். பதினெட்டு வருஷம். வருஷா வருஷம் டிசம்பர் மொத சனிக்கிழமை கிறிஸ்மஸ் சேல் போடுவோம். அதுல பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கடையில பிஸ்கட்டுன்னா அது நாந்தான். எண்ணெயில பொரிக்கது இல்ல, ஓவன்ல சுடுறது. வெண்ணெய், பொடிச்ச சீனி, மைதா, ஏலக்காய் சேத்துப் பிசஞ்சு, சப்பாத்திக் கட்டையால தேச்சு, டம்ளர் வாயால வட்டம் வட்டமா வெட்டி எடுக்கது.

கடை பிஸ்கட்டெல்லாம் டப்பாவத் தொறந்து ரெண்டு நாள்ல நமுத்துப் போவும். என்னது அப்படி இல்ல. எங்க ஐயரம்மா, பாதிரியார் சம்சாரம், அவிய எங்கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாவ: "ஜெபகனியக்கா, நீங்க மூணு வருஷத்துக்கு முன்னால குடுத்த பாக்கெட்டு இன்னும் அப்படியே இருக்கு." ஒரு பாதிரியார் சம்சாரம் பொய் சொல்லுவாவளா?

அத விடு. பக்கத்து வீட்டு வில்பிரட் அண்ணாச்சி ஒரு நாய் வளக்காரு. அதுக்கு ஒருநா ஒண்ணு போட்டேன். தின்னுருச்சுன்னா நெனைக்க? மோந்து பாத்துச்சு, என்னயப் பாத்துச்சு, கவ்விக்கிட்டுப் போயி முருங்கை மரத்தடியில குழி தோண்டிப் பொதைச்சு வச்சுட்டு. நல்ல எலும்பு கெடைச்சாத்தான் அப்படிச் செய்யும். வாயில்லா ஜீவனுக்குத் தெரியுது அருமை.

ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்ல. பிசையுறதுலதான் இருக்கு. முக்கா மணி நேரம் பிசைவேன். உள்ளங்கையால இழுத்து, மடிச்சு, ஓங்கி ஒரு குத்து. தோள்பட்டை எரியணும். அப்பதான் மாவு சொன்ன பேச்சு கேக்கும்.

இப்படி மானமா ஓடிக்கிட்டிருந்த பொழப்புல, இந்த வருஷம் அவிய வந்து கைய வச்சாவ பாரு. அதான் கதை.

அவியன்னா எங்க வீட்டுக்காரவ. ஞானாசீர்னு பேரு. சர்வேயரா இருந்தாவ. கூடங்குளத்துல இருந்து சங்கரன்கோயில் வரைக்கும் சங்கிலி புடிச்சு அளக்காத நெலம் கெடையாது. ஜூன் மாசம் ரிட்டயர்டு. ரிட்டயர்டு ஆன ஆம்பளை வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு உனக்கு இப்பத் தெரியாது. காலையில எந்திரிச்சு சாமான் அலமாரிய அளந்தாவ. அப்புறம் கொடிக்கயிறு ஒரு பக்கம் தாழ்ந்திருக்குன்னு அவுத்துக் கட்டுனாவ. சரி, மனுசன் பாவம், அளக்கதுக்கு ஒண்ணும் இல்லாமத் தவிக்காவன்னு நானும் விட்டுட்டேன்.

செப்டம்பர்ல ஒருநா கோயில் கமிட்டிக் கூட்டம். போயிட்டு வந்தவிய மூஞ்சி வாடிப்போயிருக்கு. செருப்பக்கூட கழட்டாம நாற்காலில உக்காந்துட்டாவ.

"என்னங்க, என்ன பேசுனாவ?"

"ஒண்ணுமில்ல. சேலப் பத்திதான். இந்த வருஷம் பிஸ்கட்ட நிறுத்திட்டு வேற ஏதாவது போடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு."

"என்னத்துக்கு? நம்ம பிஸ்கட்டுக்கு என்ன?"

"அதத்தான் நானும் கேட்டேன்."

"எவ சொன்னா? ஹெலன் மைனியா?"

சங்கத்துக்கு அவதான் செக்ரட்டரி. அவளுக்கு என்னயக் கண்டா ஆகாது, பாடகர் குழுவுல என் குரல் அவ குரல அமுக்கிரும்னு.

"யாரு சொன்னா என்ன? பிஸ்கட்டு இருக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்"ன்னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டாவ. எனக்காவப் பேசுனாவளேன்னு அன்னைக்கு ரெண்டு அப்பளம் கூடுதலாப் பொரிச்சேன். அடுத்த நாளு காலையில பாரு, வெண்ணெயும் மைதாவும் ஒரு பைக்கு வாங்கிட்டு வந்து அடுக்களை மேடையில வைக்காவ.

"ஜெபகனி, இந்த வருஷம் நானும் கொஞ்சம் பிஸ்கட்டு போட்டுப் பாக்கேன்."

"உங்களுக்குக் கோட்டி புடிச்சிருக்கா?"

"சும்மா இருக்கேம்லா. பொழுது போவட்டும்."

"அப்ப நாஞ்செய்யதா வேண்டாமா?"

"யாரு வேண்டாம்னா? நீயும் செய்யி. ரெண்டையும் வைப்போம்."

முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த மனுசன் ஒரு டம்ளர் வென்னி வச்சுப் பாத்ததில்ல. இப்ப போன்ல யார் யாரோ பிஸ்கட்டு சுடுறதப் பாத்து, நோட்டுல எழுதி, படம் போட்டு வச்சிருக்காவ. மாவச் சேத்த லெச்சணத்தக் கேளு. வெண்ணெயும் சீனியும் கொழைச்சு, மைதாவக் கொட்டி, விரல் நுனியால நாலு தட்டு தட்டி ஒண்ணாக்கிட்டு, முடிஞ்சுதுங்காவ.

"இன்னும் பிசையவே இல்லையே!"

"பிசையக் கூடாது. சேந்தாப் போதும்."

அதோட விட்டாவளா? மாவத் தட்டையாக்கி, பிளாஸ்டிக் தாள்ல சுத்தி, பிரிட்ஜில வச்சுட்டாவ. "ஒரு மணி நேரம் ரெஸ்ட்டு எடுக்கணும்"னாவ. யாரு? மாவு! முப்பத்தஞ்சு வருஷம் அந்த அடுக்களையில நிக்கேன், என்னயப் பாத்து ஒரு நாளு, ஜெபகனி போயி ரெஸ்ட்டு எடுன்னு சொன்ன வாயா அது? மைதா மாவுக்கு ரெஸ்ட்டு.

அப்புறம் தேய்க்கது. மாவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மரச்சட்டம் வச்சாவ, ரெண்டும் ஆறு மில்லிமீட்டர் கனம். கட்டை அந்தச் சட்டத்து மேல உருளும், அதுக்குக் கீழ மாவு எறங்காது. "நாலு மூலையும் ஒரே மட்டம்"னு சொல்லிட்டு, குனிஞ்சு ஒத்தக் கண்ண மூடிப் பாக்காவ. வெட்டுறதுக்கு என் டம்ளரத்தான் எடுத்தாவ. கடையில நட்சத்திர அச்சு இருந்துச்சாம், வாங்கலையாம். ஏன்னு கேட்டா, "வட்டந்தான் நம்ம கோயில்ல பழக்கம்"னாவ. என்னயப் பாத்துக் காப்பி அடிக்கதுக்குப் பேரு பழக்கம்.

வட்டம் வெட்டுனா நடுவுல நடுவுல துண்டு மாவு மிஞ்சும்லா? அதுக்கு அவிய வச்ச பேரு பொறம்போக்கு. "பொறம்போக்க ஒரே ஒரு தடவைதான் சேத்து உருட்டலாம் ஜெபகனி. ரெண்டாந்தடவை உருட்டுனா கெட்டியாயிரும்." நான் கடைசி வட்டம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சேத்து உருட்டுறவ. ஒரு பொட்டு மாவ வீணாக்க மாட்டேன். அதச் சொன்னேன். அவிய குனிஞ்சு அடுத்த வட்டத்த வெட்டுனாவ.

பன்னெண்டு கூப்பிடுதாவளா? அந்தா போறாரு. கன்னத்தப் பாரு, பன்னு மாதிரி.

ஒரு விசயம் சொல்லுதேன், வெளிய சொல்லிராத. நான் பொறாமைக்காரி இல்ல. ஆனா ஒரு மனுசன் தெரியாமத் தப்புப் பண்ணுனா கூட இருக்கவ பாத்துக்கிட்டு இருக்கலாமா? மறுநாளு இன்னொரு ஈடுக்கு மாவச் சேத்து வச்சுட்டு அவிய வாக்கிங் போன நேரம், பிரிட்ஜத் தொறந்தேன். அந்த மாவு பிளாஸ்டிக்குக்குள்ள சொகமாப் படுத்திருக்கு. எடுத்து, கதவச் சாத்திக்கிட்டு, அரை மணி நேரம் நல்லாப் பிசஞ்சு, கையில ஒட்டாம இருக்க இன்னும் ரெண்டு கைப்பிடி மைதாவும் போட்டு, பழையபடி சுத்தி வச்சுட்டேன். உதவிதான் செஞ்சேன்.

சாயங்காலம் சுட்டாவ. ஒண்ண எடுத்துக் கடிச்சாவ. என்னயப் பாத்தாவ. எங்கையப் பாத்தாவ, நகக்கண்ணுல மாவு இருந்துச்சோ என்னமோ. அப்புறம் மெதுவா, "உன்னது மாதிரியே வந்திருக்கு"ன்னாவ.

எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஒரே நாள்ல மனுசன் தேறிட்டாவளே!

ஆனா மறுநாள்ல இருந்து மாவு எங்க பிரிட்ஜில இல்ல. வில்பிரட் அண்ணாச்சி வீட்டு பிரிட்ஜில கொண்டு வச்சுட்டாவ. "நம்ம பிரிட்ஜில கூலிங் பத்தல"ன்னு ஒரு சாக்கு. எங்க பிரிட்ஜ் வாங்கி ஆறு மாசம்கூட ஆவல. அளவு தெரிஞ்ச மனுசனுக்கு மத்த விசயம் ஒண்ணும் தெரியாது பாத்துக்க.

சேலுக்கு ரெண்டு நாளு முன்னால அவிய பங்கு முழுசும் சுட்டு முடிச்சு, தட்டுல ஆற வச்சுட்டுக் குளிக்கப் போயிருக்காவ. நான் ஒண்ணு எடுத்து வாயில போட்டேன், குத்தம் கண்டுபுடிக்கத்தான். பல்லுக்கு வேலையே இல்ல. நாக்குல பட்டதும் கலைஞ்சு போச்சு, வெண்ணெய் வாசம் மூக்கு வரைக்கும் ஏறுது. சுமாரா இருந்துச்சு. சரியாச் சொல்லணும்லான்னு இன்னொண்ணு எடுத்தேன். மொத்தம் பதினோரு பிஸ்கட்டு. குளிச்சிட்டு வந்து தட்டப் பாத்தாவ. துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு ரொம்ப நேரமாத் தொடச்சாவ. தோளு மட்டும் குலுங்குது. சளி புடிச்சிருக்கும்.

அன்னைக்குப் பூரா எனக்கு மனசு சரியில்ல. ஏன்னு சொல்லு பாப்போம். பதினெட்டு வருஷம் நான் சுட்டேன், ஒருத்தரும் கை தட்டல. இப்ப ஒரு ஆம்பளை ஒரே ஒரு வருஷம் அடுக்களைக்குள்ள எட்டிப் பாத்தா, ஊரே கூடி, சர்வேயர் சார் சுட்ட பிஸ்கட்டு, சர்வேயர் சார் சுட்ட பிஸ்கட்டுன்னு தலையில தூக்கி வச்சு ஆடும். ஆடுமா இல்லையா? நான் ஓரமா நிக்கணும்.

அதனால ஒரு முடிவுக்கு வந்தேன். பாக்கெட்டுல ஒட்டுற பேரு இருக்குல்லா, அத மாத்திரணும். அவிய பாக்கெட்டுல எம்பேரு. எம்பாக்கெட்டுல அவிய பேரு. பாவம்னா பாவந்தான், கர்த்தர்ட்ட அப்புறம் பேசிக்கிடலாம். வெள்ளிக்கிழமை அவிய சாப்பாட்டு மேசையில ஸ்கேலு வச்சு, அந்த வரைபட எழுத்துல பேரெல்லாம் எழுதிக்கிட்டு இருந்தாவ. நான் ரூமுக்குள்ள இருந்து அதே மாதிரி எழுதிப் பழகி, ரெண்டு கத்தை சீட்டு தயார் பண்ணி, பைபிள் உறைக்குள்ள சொருகி வச்சேன்.

சனிக்கிழமை, பூ வைக்கப் போறேன்னு சொல்லி எல்லாருக்கும் முந்தி ஹாலுக்குப் போயிட்டேன். கடை மேசைக்கு அடியில ரெண்டு அட்டைப் பெட்டி. ஆளுக்குப் பதினாலு பாக்கெட்டு. மொதப் பெட்டியத் தொறந்தேன். அவிய சுட்டது, ஒரே கனம், ஒரே நெறம், பாத்தாலே தெரியும். அதுல எழுதியிருக்கு: "ஜெபகனி இல்லத் தயாரிப்பு." அடுத்தத எடுத்தேன். ஜெபகனி. பதினாலும் ஜெபகனி. ரெண்டாவது பெட்டிய அவுத்தேன், நான் சுட்டது. பதினாலுலயும் "ஞானாசீர்."

எனக்குக் கையில வேலையே இல்லாமப் போச்சு.

மறதியப் பாத்தியா? நாப்பது வருஷம் எவன் எவன் நெலத்துக்கோ நம்பர் மாறாம எழுதுன மனுசன், ரிட்டயர்டு ஆயி ஆறு மாசத்துல ரெண்டு பெட்டிக்குப் பேர மாத்தி ஒட்டிட்டாவ. வயசாவுது. எனக்கு ஒரு பக்கம் கஷ்டமா இருந்துச்சு, ஒரு பக்கம் கர்த்தர் பெரியவர்னு தோணுச்சு. நான் வந்து சொன்னா அவியளுக்கு அவமானமாப் போயிரும்னு வாயத் தொறக்காமப் பெட்டிய மூடி வச்சுட்டேன்.

கடை தொறந்தாச்சு. ஐயரம்மாதான் மொதல்ல வந்தாவ, வழக்கம்போல எம்பேரு போட்டதுல ஒண்ணு எடுத்து, ஒரு பேச்சுக்குக் கடிச்சாவ. கண்ண விரிச்சாவ பாரு! "ஜெபகனியக்கா! இது நீங்களா?" அடுத்து இன்னும் மூணு பாக்கெட்டு. அப்புறம் கூட்டம். ஒருத்தி எங்கையப் புடிக்கா, ஒருத்தி செய்முறை கேக்கா. ஹெலன் மைனி ஒண்ண வாயில போட்டு, எம்பேரப் படிச்சா, அந்தப் பக்கம் நின்ன அவியளப் பாத்தா, திரும்ப என்னயப் பாத்தா. "நல்லா முன்னேறிட்டிய மைனி"ன்னா. அவ வாயில இருந்து இது வரணும்னா அது லேசுப்பட்ட விசயமா? அரை மணி நேரத்துல பதினாலும் காலி. எல்லாரும் எம்பேரச் சொல்லுதாவ. சும்மா சொல்லக்கூடாது, நல்லா இருந்துச்சு.

அந்தப் பக்கம் அவிய பேரு போட்டது பதினாலும் வச்ச மேனிக்கு இருக்கு. கடைசில வில்பிரட் அண்ணாச்சி, சிநேகிதனாச்சேன்னு ஒண்ணு வாங்கிப் பிரிச்சாரு. கடிக்கல. மேசையில தட்டுனாரு. டொக்கு டொக்குன்னு சத்தம். "சர்வேயரே, இது பிஸ்கட்டா, எல்லைக்கல்லா?"

ஹாலே சிரிக்கு. ஆளாளுக்கு ஒண்ண எடுத்துத் தட்டிப் பாக்கான். "சார், நாலு குடுங்க, வீட்டுக்குக் காம்பவுண்டு கட்டணும்"ங்கான் ஒருத்தன். அவிய கையக் கட்டிக்கிட்டு, சிரிச்ச முகமா, "புதுசுல்லா, பழகிக்கிடுதேன். எல்லாருக்கும் ஜெபகனி கை வந்துருமா?"ன்னு சொல்லிக்கிட்டு நிக்காவ.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். அது நான் சுட்டது, எனக்குத் தெரியும். ஆனா அதுக்காவக் கோவம் வரல. அவியளப் பாத்துச் சிரிச்சதுக்குத்தான் வந்துச்சு. அது என்ன கணக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. மேசையச் சுத்தி அந்தப் பக்கம் போனேன்.

"என்ன சிரிப்பு உங்களுக்கு? மனுசன் ரெண்டு மாசமா நின்னு பாடுபட்டுச் செஞ்சிருக்காவ. தின்னத் தெரியாதவனுவோ!"

"விடு ஜெபகனி"ங்காவ அவிய.

"நீங்க சும்மா இருங்க"ன்னு ஒரு பிஸ்கட்ட எடுத்து, எல்லாரும் பாக்க, இந்தக் கடவாப்பல்லுல வச்சு, ஒரே கடி.

மடக்குன்னு ஒரு சத்தம். எல்லாரும் பிஸ்கட்டு ஒடைஞ்சுதுன்னு நெனச்சாவ. எனக்குல்லா தெரியும் எது ஒடைஞ்சுதுன்னு. கண்ணுல பூச்சி பறக்குது. ஒரு பொட்டுத் தண்ணி விடலயே நான்! ஒடைஞ்ச பல்ல நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, "அருமையா இருக்கு"ன்னேன். வில்பிரட் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டாரு.

பல்லு போனத நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. அவியட்டயும் சொல்லல. பக்கத்துலதான் நின்னாவ, ஆனா அவியளுக்குக் காது அவ்வளவாக் கேக்காது போல. வீட்டுக்கு வந்ததும் வென்னியில உப்பப் போட்டுக் கொண்டாந்து, "கொப்புளி, தொண்டைக்கு நல்லது"ன்னாவ. எனக்குத் தொண்டையில என்ன? ஆனாலும் கொப்புளிச்சேன், இதமா இருந்துச்சு. அதுல இருந்து பத்து நாளா வீட்ல கஞ்சியும் இடியாப்பமுந்தான். அவியளுக்குத் திடீர்னு அதுல ஒரு ஆசை, அவியளே கிண்டி வைக்காவ. இன்னைக்குக் காலையில, "எனக்குப் பல்லு கூசுது, துணைக்கு வா"ன்னாவ. வந்தா, டோக்கன எம்பேர்ல போட்டு வச்சிருக்காவ. அந்த மறதிக்குத்தான் மொதல்ல டாக்டரப் பாக்கணும். சரி, வந்தது வந்தோம், நம்ம பல்லயாவது காட்டுவோம்னு உக்காந்திருக்கேன். அவிய வெண்ணெய் வாங்கப் போயிருக்காவ. கிறிஸ்மஸுக்கு ஜெபகனி பிஸ்கட்டு நாப்பது பாக்கெட்டு வேணும்னு ஹெலன் மைனியே வந்து சொல்லிட்டுப் போயிருக்கால்லா. நாப்பதும் அவியதான் சுடணும். எனக்கு வந்தவியளுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியா இருக்கு.

பதினஞ்சா? இன்னும் ஒரு ஆளுக்கு அப்புறம் நீதான். சீக்கிரம் சொல்லி முடிச்சிருதேன்.

அந்த விக்காத பாக்கெட்டு பதிமூணும் வீட்டுக்கு வந்துட்டுல்லா. நாய்க்குப் போட்டுருவோமான்னேன். "எம்பேருல்லா போட்டிருக்கு, நான்தான் திங்கணும்"னுட்டாவ. காலையில காப்பியோட ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. காப்பியில முக்கி வச்சுட்டு, அது ஊறுற வரைக்கும் பேப்பர் படிப்பாவ. மொதப் பக்கத்துல ஆரம்பிச்சா விளையாட்டுப் பக்கம் வரும்போது பதமாயிரும். அப்புறம் ஒரு ஓரமாக் கடிச்சு, மெதுவா, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமத் திங்காவ. பக்கத்துலயே டப்பாவுல அவிய புதுசாச் சுட்டது கெடக்கு, கையாலகூடத் தொட மாட்டேங்காவ.

நேத்து எனக்கே பொறுக்கல. "இது மெத்துன்னு இருக்குல்லா, இத எடுங்க"ன்னு டப்பாவ நீட்டுனேன்.

"அது ஊருக்கு. இது நமக்கு"ன்னுட்டு இன்னொண்ண எடுத்துக் காப்பியில போட்டாவ.

கேட்டியா? தன் கையால சுட்டதவிட எம்பிஸ்கட்டுதான் ஒசத்தின்னு, அவிய வாயாலயே ஒத்துக்கிட்டாவ. இனி எவன் மேசையில தட்டுனா எனக்கென்ன? இன்னும் அஞ்சு பாக்கெட்டுதான் மிச்சம் இருக்கு. இந்தப் பல்லு வேலை முடிஞ்சதும் மொத வேலையா ஒரு பெரிய ஈடு போட்டு, ஒரு தகர டப்பா நெறைய அவியளுக்குன்னே சுட்டு வைக்கணும். தீந்து போச்சுன்னா மனுசன் ஏங்கிப் போவாவல்லா.